வன்முறைக் குற்றவாளிகளின் ரத்தத்தில் உண்மையில் என்ன தெரிகிறது? ஒரு சந்தேகம்

#1 தூறல்

வணக்கம். உளவியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி. கருத்தரங்கில் பேச எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வன்முறைக் குற்றவாளிகளிடம் காணப்படும் உயிர்வேதி அடையாளங்களும் ஆளுமைப் பண்புகளும். ஒரு மாதமாகப் படிக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

பழைய ஆய்வுகளில் நிறைய ஸ்வீடனிலிருந்தும் ஃபின்லாந்திலிருந்தும் வந்தவை. திரும்பத் திரும்ப வரும் கதை இதுதான்: கொலை, கடும் தாக்குதல் போன்ற குற்றங்களுக்காக மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட ஆண்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், பிளேட்லெட்டில் இருக்கும் மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதியின் செயல்பாடு குறைவு. தைராய்டு ஹார்மோனில் டி3 சற்றுக் கூடுதல். அதே ஆட்களிடம் கரோலின்ஸ்கா ஆளுமை வினாத்தாளைக் கொடுத்தால் (135 கேள்விகள், 15 அளவைகள்), எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செயல்படுவது, சலிப்பைத் தாங்க முடியாமல் பரபரப்பைத் தேடுவது, எரிந்து விழுவது ஆகியவற்றில் மதிப்பெண் ஏறுகிறது. சமூகத்தோடு ஒட்டிப்போகும் அளவையில் இறங்குகிறது.

என் கேள்வி நேரடியானது. இவற்றை வைத்து, "வன்முறைக்கு ரத்தத்தில் அடையாளம் உண்டு" என்று மேடையில் சொல்லலாமா? எங்கள் பேராசிரியர் கேள்வி கேட்டே ஆளைக் காலி செய்பவர்.

#2 புலிவால்

தைரியமாகச் சொல்லுங்கள். பிறவிக் குணத்தை மட்டை வைத்துக் கட்டினாலும் தீராது என்று சும்மாவா சொன்னார்கள்? சின்ன வயதிலேயே எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மனித உரிமை, அது இது என்று பேசுபவர்கள் இப்போது வரிசையாக வருவார்கள் பாருங்கள்.

#3 சோதனைக்குழாய்

தூறல், முதலில் நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் படித்த கட்டுரைகளில், ரத்தம் கொடுத்த ஆட்கள் புகைபிடிப்பவர்களா இல்லையா என்று எங்காவது எழுதியிருந்ததா?

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் 19 வருடமாக நொதிகளோடு மல்லுக்கட்டுபவன் என்ற முறையில் கேட்கிறேன். மோனோஅமீன் ஆக்சிடேஸ் இரண்டு வகை: ஏ, பி. பிளேட்லெட்டில் இருப்பது பி வகை மட்டும். மூளையில் செரட்டோனினை (நரம்புச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்) உடைக்கும் வேலையை முக்கியமாகச் செய்வது ஏ வகை. அதனால் பிளேட்லெட்டை அளந்துவிட்டு "மூளையின் செரட்டோனினைப் பார்த்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பி வகையின் அளவு பரம்பரையாக வருவது, ஒரே ஆளிடம் பெரிதாக மாறுவதில்லை, அதனால் மூளையின் அமைப்பைப் பற்றி அது மறைமுகமாகக் குறிப்பு கொடுக்கும் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். தவிர, கையில் ஊசி போட்டு எடுத்துவிடலாம். தண்டுவட நீர் வேண்டுமென்றால் முதுகில் குத்த வேண்டும்.

அப்புறம்தான் வந்தது வினை. புகையிலைப் புகையில் இந்த நொதியை முடக்கும் பொருட்கள் இருக்கின்றன (அது நிகோட்டின் இல்லை, புகையில் வரும் வேறு சேர்மங்கள்). 1996ல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, புகைபிடிப்பவர்களின் மூளையில் பி வகை நொதி மற்றவர்களைவிட 40% குறைவு என்று தெரிந்தது. புகையை விட்டவர்களிடம் குறைவு இல்லை. பிளேட்லெட்டிலும் அப்படித்தான், விட்ட சில வாரங்களில் அளவு ஏறிவிடுகிறது.

இப்போது யோசியுங்கள். சிறையில் இருப்பவர்களில் எத்தனை பேர் புகைப்பவர்கள், வெளியில் ஒப்பீட்டுக்கு எடுத்த ஆட்களில் எத்தனை பேர்? நீங்கள் வன்முறையை அளக்கிறோம் என்று நினைத்து சிகரெட்டை அளந்துகொண்டிருக்கலாம்.

என் சொந்தக் கதை ஒன்று. ஒரு தொகுதி மாதிரிகளில் மதிப்புகள் எல்லாம் தரையில் விழுந்து கிடந்தன. இரண்டு நாள் கருவியைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால், அந்தத் தொகுதி இரவுப் பணியில் இருந்தவர்களுடையது. பாதிக்கு மேல் புகைப்பவர்கள். கருவியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து படிவத்தில் அந்தக் கேள்வி நிரந்தரம்.

#4 புலிவால்

சரிதான். அப்படியானால் புகைப்பவன் எல்லாம் கொலைகாரனா?

#5 சோதனைக்குழாய்

புலிவால், நான் சொன்னதைத் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள்.

#6 தூறல்

நன்றி சார். உடனே போய்ப் பார்த்தேன். கையில் இருக்கும் 11 கட்டுரைகளில் 4ல்தான் புகை பற்றிய பேச்சு. அதிலும் ஒன்றில் அடிக்குறிப்பாக.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பரபரப்பைத் தேடும் குணம் உள்ளவர்கள்தானே புகைக்கவும் தொடங்குகிறார்கள்? அப்படியென்றால் புகையைக் கணக்கில் கழித்துவிட்டால், நாம் தேடும் குணத்தையும் சேர்த்துக் கழித்துவிடுகிறோம் இல்லையா? குளிப்பாட்டிய தண்ணீரோடு பிள்ளையையும் கொட்டுகிற மாதிரி.

#7 சோதனைக்குழாய்

நல்ல கேள்வி. உங்கள் பேராசிரியர் கேட்பதற்குள் நீங்களே கேட்டுவிட்டீர்கள். அந்தத் துறைக்காரர்களே இதில் வருடக்கணக்காகச் சண்டை போட்டார்கள். புகையைக் கணக்கில் எடுத்த பல ஆய்வுகளில் நொதிக்கும் குணத்துக்கும் இடையிலான உறவு மெலிந்துபோனது என்பது உண்மை. குணம் புகைக்கத் தூண்டுகிறது, புகை நொதியைக் குறைக்கிறது. வரிசை இதுவென்றால் நொதி வெறும் வால். வாலைப் பிடித்து மாட்டை ஓட்டுவதாகச் சொல்ல முடியாது. அதிகம் போனால், "இந்த மாடு இந்தப் பக்கம் போயிருக்கிறது" என்று சொல்லலாம்.

#8 எண்சாண்

புள்ளியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம். யாரும் தூங்கிவிடாதீர்கள்.

செரட்டோனினுக்கும் மனிதர்களின் ஆக்ரோஷத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் 2013ல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். கிடைத்த ஒட்டுறவு எண் -0.12 (0 என்றால் உறவே இல்லை, 1 அல்லது -1 என்றால் முழு உறவு). அதை இருமடியாக்கினால் 0.0144. ஆளுக்கு ஆள் ஆக்ரோஷம் வேறுபடுவதில் ஒன்றரை சதவீதம்கூட இதனால் விளக்கப்படவில்லை என்று அர்த்தம். டெஸ்டோஸ்டீரான் கதையும் அதுவே. 2001ல் வந்த தொகுப்பாய்வில் 0.14. அதே தரவுகளைத் திருத்தி 2005ல் மறுபடி கணக்கிட்டபோது 0.08 ஆகச் சுருங்கியது.

உறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. சராசரியாக ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் வித்தியாசம் இருக்கலாம். அதை வைத்து ஒரு தனி ஆளைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது என்கிறேன்.

புலிவாலின் திட்டத்துக்கும் ஒரு கணக்கு. ஆயிரம் பேர். அவர்களில் 10 பேர் பின்னாளில் கடும் வன்முறையில் இறங்கப் போகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இல்லாத, கற்பனையான ஓர் அருமையான ரத்தப் பரிசோதனை: வன்முறையாளரை 90% சரியாகப் பிடிக்கும், மற்றவரை 90% சரியாக விட்டுவிடும். 10 பேரில் 9 பேர் சிக்குவார்கள். மிச்சம் 990 பேரில் 99 பேரும் சிக்குவார்கள். மொத்தம் 108 பேர் மேல் முத்திரை. அதில் 12க்கு ஒருவர்தான் உண்மையான ஆள். மற்ற 11 பேரின் வீட்டுக்கு நீங்களே போய் விளக்கம் சொல்லுங்கள்.

#9 புலிவால்

கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த டச்சுக் குடும்பம்? அதற்கு என்ன பதில்? ஒரே ஒரு ஜீன் போய்விட்டது, குடும்பத்தில் ஆண்கள் தீ வைப்பு, பாலியல் வன்முறை முயற்சி என்று இறங்கினார்கள். 1993ல் வந்த ஆய்வு. இதற்கு எந்த சிகரெட்டும் காரணம் இல்லை.

#10 சோதனைக்குழாய்

இல்லைதான். அது ஏ வகை நொதி. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறியதால் அந்த ஆண்களிடம் ஏ வகை நொதி அறவே இல்லை. பெண்களுக்கு இன்னொரு எக்ஸ் இருப்பதால் தப்பித்தார்கள். அறிவுத்திறனும் அந்த ஆண்களுக்கு எல்லைக்கோட்டில்தான் இருந்தது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்கள் உலகிலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவை. உங்கள் ஊகம் எல்லாச் சிறைக்கும் பொருந்தாது.

இந்தக் குடும்பத்தால் பழைய செரட்டோனின் கதைக்கே ஒரு சிக்கல் வருகிறது. தூறல், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1983ல் ஃபின்லாந்தில், கொலை செய்த அல்லது கொலைக்கு முயன்ற 36 ஆண்களின் தண்டுவட நீரை எடுத்தார்கள். செரட்டோனின் உடைந்தபின் மிஞ்சும் கழிவுப்பொருள் ஒன்று உண்டு, 5-ஹைட்ராக்சி இண்டோல் அசிட்டிக் அமிலம். அது, திட்டமிட்டுச் செய்தவர்களைவிட ஆத்திரத்தில் சட்டென்று செய்தவர்களிடம் குறைவாக இருந்தது. உடனே "செரட்டோனின் குறைவு, அதனால் வன்முறை" என்று ஊர் முழுக்கப் பரவியது.

அவர்கள் அளந்தது சாம்பலை. சாம்பல் குறைவாக இருந்தால் விறகு குறைவு என்று சொல்லலாம். விறகு அடுக்கடுக்காக இருந்தும் அடுப்பு சரியாக எரியவில்லை என்றும் சொல்லலாம். டச்சுக் குடும்பத்தில் நடந்தது இரண்டாவது. உடைக்கும் நொதியே இல்லாததால் கழிவு குறைவு, செரட்டோனின் உடையாமல் தேங்கி நிற்கிறது. சாம்பலின் அளவு ஒன்று, அடுப்பின் நிலைமை நேர்எதிர். அப்படியிருக்க, செரட்டோனின் குறைந்தால் வன்முறை என்று ஒற்றை வரியில் எப்படி முடிப்பது?

#11 தூறல்

சாம்பல் உவமையை அப்படியே திருடிக்கொள்கிறேன் சார்.

#12 அகல்விளக்கு

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிறைகளில் உளவியல் ஆலோசகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரத்தத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அந்த ஆளுமை வினாத்தாள்கள் எந்த அறையில், எப்படி நிரப்பப்படுகின்றன என்று தெரியும்.

தூறல், ஃபின்லாந்து ஆய்வைப் பற்றி மேலே சொன்னதில் உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும் வரி, "சட்டென்று செய்தவர்கள், திட்டமிட்டுச் செய்தவர்கள்" என்ற பிரிவு. "வன்முறைக் குற்றவாளி" என்பது சட்டம் வைத்த பெயர். அதற்குள் பல வகை மனிதர்கள் இருக்கிறார்கள். குடிபோதையில் வாய்த்தகராறு முற்றிக் கத்தியை எடுத்தவர், அடுத்த நாள் காலையில் என் முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுவார். மாதக்கணக்கில் திட்டம் போட்டவர் என் நலம் விசாரிப்பார். என் பேனா எந்த வகை என்று கேட்பார். இருவரையும் ஒரே குழுவில் போட்டுச் சராசரி எடுத்தால் கிடைப்பது யாருடைய ரத்தமும் இல்லை.

அப்புறம், சைக்கோபதி பட்டியல் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் சைக்கோபாத்தா என்று மதிப்பிடக் கனடிய உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கியது. 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30ஐத் தொட்டால் அந்த முத்திரை. ஐரோப்பாவில் பல இடங்களில் 25. அதில் குற்ற உணர்ச்சி இல்லாமை, அடுத்தவர் வலியை உணராமை போன்றவை ஒரு பக்கம். எடுத்தோம் கவிழ்த்தோம் குணம், பொறுப்பின்மை, சிறுவயதிலேயே குற்றம், பல வகைக் குற்றங்கள் என்பவை இன்னொரு பக்கம். பாருங்கள், குற்ற வரலாறே மதிப்பெண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிறகு அந்த மதிப்பெண்ணை வைத்து இவர் குற்றம் செய்வாரா என்று கணிப்பதில் என்ன ஆச்சரியம்? உயிர்வேதி அடையாளங்கள் ஏதாவது ஒட்டினாலும் பெரும்பாலும் அந்த இரண்டாவது பக்கத்தோடுதான் ஒட்டுகின்றன. குளிர்ந்த நெஞ்சுக்கு ரத்தத்தில் நல்ல அடையாளம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

வினாத்தாளை அவர்களாகவே நிரப்பும்போது இன்னொரு கூத்து. "நான் எளிதில் கோபப்படுவேன்" என்ற வரிக்கு என்ன பதில் எழுதினால் பரோலுக்கு நல்லது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு முறை ஒருவர் என்னிடமே கேட்டார்: "மேடம், இதுக்கு நல்லவன் எதை டிக் பண்ணுவான்?"

#13 எண்சாண்

அக்கா, கடைசி வரிக்காகவே இந்த இழை நிலைத்திருக்க வேண்டும்.

#14 கறுப்புக்கோட்டு

வழக்கறிஞன். நீதிமன்றத்தில் இது எப்படி விளையாடுகிறது என்று யாரும் சொல்லவில்லையே.

2009ல் இரண்டு வழக்குகள். இத்தாலியில் ட்ரியெஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றம், கொலைக் குற்றவாளி ஒருவருக்குக் குறைவாக வேலை செய்யும் ஏ வகை நொதியின் மரபணு உட்பட சில மரபணுக்கள் இருப்பதைக் காரணம் காட்டி, தண்டனையில் ஒரு வருடம் குறைத்தது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஒருவர் ஒரு பெண்ணைக் கொன்று, தன் மனைவியைக் கொடூரமாக வெட்டியிருந்தார். அதே மரபணு வகையையும் சிறுவயதில் அனுபவித்த கொடுமையையும் சேர்த்து வாதாடினார்கள். முதல்நிலைக் கொலை என்று தீர்ப்பு வரவில்லை. மரண தண்டனையிலிருந்து தப்பினார், 32 வருடச் சிறை.

"என் ஜீன் செய்தது, நான் செய்யவில்லை" என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது இரு பக்கமும் கூர் உள்ள கத்தி. ஜீனில் இருக்கிறது என்றால் இவர் மாறவே மாட்டார், அப்படியானால் உள்ளேயே வையுங்கள் என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். 2012ல் அமெரிக்காவில் 181 நீதிபதிகளிடம் ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். குற்றவாளி சைக்கோபாத். பாதிப் பேருக்கு அதன் உயிரியல் காரணமும் விளக்கப்பட்டது. விளக்கம் பெறாதவர்கள் சராசரியாக 13.9 வருடம் கொடுத்தார்கள், பெற்றவர்கள் 12.8. ஒரு வருடம் குறைந்தது. நான் நேர்எதிராக நடக்கும் என்று எதிர்பார்த்திருப்பேன்.

#15 புலிவால்

ஒரு வருடம் குறைக்கத்தானா இவ்வளவு விஞ்ஞானம்!

#16 கறுப்புக்கோட்டு

ஒரு வருடம் உள்ளே இருந்து பார்த்தவரிடம் இதைக் கேளுங்கள் ஐயா.

#17 எண்சாண்

டென்னசி வழக்கில் வந்த "சிறுவயதுக் கொடுமை" பற்றி. அது நியூசிலாந்தின் டுனீடின் ஆய்விலிருந்து வந்தது, 2002. பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த 442 ஆண்கள். ஏ வகை மரபணு மெதுவாக வேலை செய்வதாலேயே யாரும் வன்முறையாளர் ஆகவில்லை. அதோடு சிறுவயதில் கொடுமையும் சேர்ந்தவர்கள் கூட்டத்தில் 12% பேர்தான், ஆனால் வன்முறைக் குற்றத் தீர்ப்புகளில் 44% அவர்கள் மேல். ஐரோப்பிய வழியினரில் ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த மரபணு வகை உண்டு. மூன்றில் ஒருவரைச் சந்தேகப் பட்டியலில் வைத்தால் பட்டியலை யார் காவல் காப்பது?

பழைய எக்ஸ்ஒய்ஒய் கதையும் இதற்கு அண்ணன்தான். 1965ல் ஸ்காட்லாந்தில் பாதுகாப்பு மருத்துவமனை ஒன்றில் கூடுதல் ஒய் குரோமோசோம் உள்ள ஆண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தார்கள். "கொலைகாரக் குரோமோசோம்" என்று பத்திரிகைகள் அலறின. 1976ல் டென்மார்க்கில் உயரமான ஆண்கள் 4139 பேரைச் சோதித்தார்கள், 12 பேருக்கு அது இருந்தது. அவர்களிடம் குற்றப் பதிவு கூடுதல்தான், ஆனால் வன்முறை கூடுதல் இல்லை. அறிவுத்திறன் குறைவு ஓரளவு காரணமாகத் தெரிந்தது. மாட்டிக்கொண்டவர்கள் கணக்கில் வருகிறார்கள், அவ்வளவுதான்.

#18 அகல்விளக்கு

ரத்தமே எடுக்காமல் ஓர் அடையாளம் இருக்கிறது, அதையும் தூறல் பார்க்கட்டும். ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு. ஸ்வீடனில் ராணுவப் பணிக்காகப் பரிசோதிக்கப்பட்ட 7,10,264 ஆண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2015ல் வெளியிட்டார்கள். துடிப்பு மிகக் குறைவானவர்களிடம், மிக அதிகமானவர்களோடு ஒப்பிட்டால், வன்முறைக் குற்றத்துக்கான வாய்ப்பு 39% கூடுதல். ஆனால் எனக்குப் பிடித்தது அடுத்த வரி. அதே ஆட்களுக்கு விபத்துக் காயங்களும் அதிகம், அடுத்தவர் கையால் தாக்கப்படுவதும் அதிகம். நிதானமாகத் துடிக்கும் இதயம், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவில்லை போலும். அடிப்பவரும் அடிவாங்குபவரும் ஒரே அளவையில் வந்து நிற்கிறார்கள். என் அனுபவத்தில் இதில் வியப்பே இல்லை. பாதிப் பேருடைய உடம்பில் தழும்புகளை எண்ணி முடியாது.

#19 புலிவால்

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் இவ்வளவு அளந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லையா? உடம்பு எதையுமே சொல்லவில்லையா?

#20 சோதனைக்குழாய்

சொல்கிறது. அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோம். 2002ல் இங்கிலாந்தில் இளம் கைதிகள் 231 பேருக்கு ஒரு சோதனை. பாதிப் பேருக்கு வைட்டமின், தாது உப்பு, கொழுப்பு அமில மாத்திரைகள். மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. சத்து மாத்திரை வாங்கியவர்களிடம் சிறைவிதி மீறல்கள் 26.3% குறைவு. பின்னர் நெதர்லாந்திலும் செய்தார்கள், விதிமீறல் பதிவுகள் அங்கேயும் குறைந்தன. ஆனால் வினாத்தாளில் ஆக்ரோஷ மதிப்பெண் அசையவே இல்லை.

இங்கே யாரும் யாரையும் "பிறவிக் குற்றவாளி" என்று பெயர் வைக்கவில்லை. தட்டில் எதையோ மாற்றினார்கள், நடத்தை கொஞ்சம் மாறியது. எனக்கு இந்த வகை ஆய்வுதான் பிடிக்கும். ஆளைப் பிரித்தெடுக்க ரத்தம் எடுப்பதைவிட, எதை மாற்றினால் எது மாறுகிறது என்று பார்ப்பது பயனுள்ள வேலை.

டி3 பற்றி மறந்துவிட்டேன். சராசரி சற்று ஏறியிருப்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கைது, தூக்கமின்மை, குடியை நிறுத்திய உடம்பு, மன அழுத்தம் எல்லாமே தைராய்டைத் தொடும். குற்றத்துக்கு முன்பு ரத்தம் எடுத்தவர்கள் யாரும் இல்லை. அதை ஒரு வரியில் கடந்துவிடுங்கள்.

#21 தூறல்

எல்லோருக்கும் நன்றி. நேற்று பேசி முடித்தேன்.

"வன்முறைக்கு ரத்தத்தில் அடையாளம் உண்டு" என்ற ஸ்லைடைக் கடைசி நேரத்தில் தூக்கிவிட்டு, "ரத்தத்தில் தெரிவது எப்போது எடுத்த ரத்தம் என்பதைப் பொறுத்தது" என்று மாற்றினேன். சாம்பலும் அடுப்பும் நன்றாக எடுபட்டன. ஆயிரம் பேர் கணக்கைப் பலகையில் போட்டதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, அந்த 99 பேருக்கும் வேலை மறுத்தால் பிறகு அவர்களே வன்முறையில் இறங்கமாட்டார்களா என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பேராசிரியர் சிரித்தார், அவர் சிரிப்பது அபூர்வம்.

அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உங்கள் 11 கட்டுரைகளில் எத்தனையில் ஒப்பீட்டுக் குழுவின் புகைப்பழக்கம் இருக்கிறது?"

நான்கு என்றேன். "எந்த நான்கு?" என்றார். பெயர் சொல்லி ஒப்பித்தேன்.

#22 சோதனைக்குழாய்

அடிக்குறிப்பில் இருந்ததையும் சொன்னீர்களா?

#23 தூறல்

அதைத்தான் சார் முதலில் சொன்னேன்.